மடிப்பிச்சையும் மாரத்தானும்

"அந்தப் பிள்ளைங்களுக்குப் பணம் வேணும்னா நேரா கேளுங்க டீச்சர், தர்றேன். அதுக்கு நீங்க எதுக்கு ஓடணும்?" என்று எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர் கேட்டார். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த அவர், சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் இல்லாதவர். கேட்டதோடு நில்லாமல், விடைத்தாள் கட்டின் மேலுறையிலேயே கணக்கும் போட்டுக் காட்டினார். பதிவுக் கட்டணம், ஓடுவதற்கான ஷூ, சென்னைக்குப் போய்வரும் செலவு, ஓரிரவு அறை வாடகை எல்லாவற்றையும் சேர்த்தால் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்றும், அந்தத் தொகையை முதலிலேயே அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டால் நானும் விடியற்காலையில் நிம்மதியாகத் தூங்கலாம், பிள்ளைகளுக்கும் பணம் போய்ச் சேர்ந்துவிடும் என்றும் அவர் சொன்னார். கணக்கில் பிழை ஏதும் இல்லை. விழிப்புணர்வு உண்டாகும் என்று நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. "விழிப்புணர்வுக்கு ஒரு ஃபிளெக்ஸ் போர்டு போதுமே" என்று சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

பணம் தர மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். கொடுக்க மனமுள்ள ஒருவர், கொடுப்பதற்கும் என் ஓட்டத்துக்கும் தொடர்பில்லை என்று சொன்னதுதான் உறுத்தியது. ஓட்டம் என் சொந்த ஆசை, அதற்குத் தருமத்தின் பெயரைச் சூட்டிக்கொள்கிறேன் என்ற ஐயம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. எனக்குள்ளும் அது இல்லாமல் இல்லை. நாற்பது வயதைக் கடந்த ஓர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை, பள்ளி நாள்களுக்குப் பிறகு பேருந்தைப் பிடிக்க மட்டுமே ஓடியிருப்பவள், திடீரென்று 42 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று கிளம்புவதில் கொஞ்சம் வீம்பும் கலந்திருக்கத்தான் செய்யும். பயிற்சி நடந்த மாதங்கள் முழுவதும் அந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லிப் பார்ப்பதும், அதை நானே தள்ளுபடி செய்வதுமாக இருந்தேன்.

நாலில் ஒன்று

பிள்ளைகள் என்று நான் சொல்வது, உடம்பில் போதிய ரத்தம் ஊறாத தலசீமியா என்ற பரம்பரை நோயுள்ள குழந்தைகளை. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவியைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு தாய்மாமன் மகனுக்குக் கட்டிவைத்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சொத்து வெளியே போகாது, பெண்ணும் பழகிய வீட்டில் இருப்பாள் என்பது பெரியவர்களின் நினைப்பு. அவளுடைய முதல் குழந்தை ஒரு வயது நிரம்புவதற்குள்ளேயே வெளிறிப் போய், பால் குடிப்பதற்குக்கூடத் தெம்பில்லாமல் துவண்டது. சோதித்துப் பார்த்தபோது கணவன், மனைவி இருவருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்று தெரிந்தது. சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. தங்களிடம் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட இருவர் சேரும்போதுதான், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டாகிறது.

இந்த நாலில் ஒன்றை அவளுக்குக் கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டியவள் நான். மெண்டலின் நெட்டைப் பட்டாணியும் குட்டைப் பட்டாணியும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. மருத்துவமனையில் பார்த்தபோது அவள் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை: "நாலுல ஒண்ணுன்னு டாக்டர் சொன்னாங்க டீச்சர். மொதப் பிள்ளைக்கு வந்துட்டதால அடுத்த மூணும் நல்லாயிருக்கும்னு நெனச்சுட்டோம்." ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அந்த வாய்ப்பு புதிதாகத் தொடங்குகிறது என்பதை நான்கு கட்டங்கள் காட்டுவதில்லை, மதிப்பெண்ணுக்கு அது தேவைப்படுவதுமில்லை. கருவிலேயே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது அவர்களுக்குத் தெரியவந்தபோது இரண்டாவது பிள்ளை பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தான். அவன் சுமப்பவனாக மட்டும் பிறந்தது அவர்களுடைய நல்ல நேரம்.

மூத்தவளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். இந்நோயுள்ள குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் என்பதுதான் கணக்கு. அரசு மருத்துவமனையில் ரத்தமும் மாத்திரையும் இலவசம்தான். ஆனால் மலையடிவாரத்து ஊரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வரும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடுகிறது. பொருத்தம் பார்க்க ஒரு நாள், ஏற்ற ஒரு நாள் என்று ஆகிவிட்டால் இரண்டு நாள் கூலி. இந்தப் பேருந்துச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் ஒரு சிறு அறக்கட்டளை ஏற்றுக்கொள்கிறது. அதற்காகத்தான் நான் பணம் திரட்டக் கிளம்பினேன். முதன்முறை அந்த அறைக்குப் போனபோது குழந்தை கட்டிலில் உட்கார்ந்து, குழாய் செருகிய இடது கையைத் தலையணை மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, வலது கையால் சிலேட்டில் மாடு வரைந்துகொண்டிருந்தாள். மாட்டுக்கு ஐந்து கால்கள் இருந்தன. ஐந்தாவது எதற்கு என்று கேட்டதற்கு, அது வேகமாக ஓடுகிறது என்றாள். தாய் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ரத்தம் ஏத்துன மறுநாள் பாக்கணுமே டீச்சர், தெருவெல்லாம் ஓடுவா, பிடிக்க முடியாது. மூணாவது வாரம் ஆயிடுச்சுன்னா திண்ணையை விட்டு எறங்க மாட்டா."

இரும்பு

பணத்தை விடுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு நேரடியாகத் தேவைப்படுவது ரத்தம். கணக்கு ஆசிரியர் அந்த வாதத்தை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும். ஓடுவதைப் பற்றி எண்ணுவதற்கு முன்பே நான் ரத்தம் கொடுக்கத்தான் போனேன். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, "11.2 தாம்மா இருக்கு, எடுக்க முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. எங்கள் ஆசிரியர் அறையில் இருக்கும் பெண்களில் பாதிப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்போம் என்று நினைக்கிறேன். எல்லாரும் தினமும் மூன்று வேளை தேநீர் குடிப்பவர்கள். உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது என்று பாடம் நடத்திவிட்டு வந்து, அதே தேநீரை டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்துக்கொள்பவர்கள்.

எனக்குத் தலசீமியா மரபணு இருக்கிறதா என்றும் சோதித்தார்கள். இல்லை, வெறும் இரும்புக் குறைபாடுதான். மாத்திரை கொடுத்தார்கள், முருங்கைக்கீரையும் பேரீச்சையும் சாப்பிடச் சொன்னார்கள், கூடவே நெல்லிக்காய். நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது. அதியமான் ஆண்ட தகடூரில் இருந்துகொண்டு நெல்லிக்காயின் அருமையை ஒரு டாக்டர் எடுத்துச் சொல்லித்தானா தெரிந்துகொள்ள வேண்டும் என்று அம்மா கேலி செய்தார். நான் இரும்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அந்தக் குழந்தை உடம்பிலிருந்து இரும்பை வெளியேற்றுவதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்கும் அதிகமான இரும்பு உள்ளே போகிறது. மிகுந்த இரும்பை வெளியே தள்ளுவதற்கு மனித உடலுக்கு வழி கிடையாது. அது கல்லீரலிலும் இதயத்திலும் போய்த் தங்கிவிடுகிறது. டெஃபரசிராக்ஸ் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துத் தினமும் கொடுக்கிறார்கள். சுவை பிடிக்காமல் குழந்தைகள் துப்புகிறார்கள்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியை ஏற்கெனவே இருமுறை மாரத்தான் ஓடியவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர்தான் இந்த யோசனையைத் தந்தார். "சும்மா போய்ப் பணம் கேக்க உங்களுக்குக் கூச்சமா இருக்குல்ல அக்கா? ஓடுறேன்னு சொல்லிக் கேளுங்க" என்றார். அப்போது அது வெறும் உத்தியாகத்தான் தோன்றியது.

ஒகேனக்கல் வரைக்கும்

மாரத்தான் எவ்வளவு தூரம் என்று எங்கள் ஊரில் விளக்குவது எளிது. தருமபுரிப் பேருந்து நிலையத்திலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். போய்ச் சேர நாலு கிலோமீட்டர் இருக்கும்போது நின்றுவிட்டால் அது மாரத்தான். "பஸ்ஸுலயே ஒன்றரை மணி நேரம் ஆகுமே" என்பதுதான் கேட்டவர்கள் எல்லாரும் சொன்ன பதில். ஹீமோகுளோபின் தேறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஆடி மாதக் காற்றில் பயிற்சியைத் தொடங்கினேன். வார நாள்களில் மாவட்ட விளையாட்டு அரங்கைச் சுற்றியும், ஞாயிற்றுக்கிழமைகளில் பென்னாகரம் சாலையிலும் ஓடினேன். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை வேண்டுமென்றே குறைக்க வேண்டும் என்பவை உடற்கல்வி ஆசிரியையின் கட்டளைகள். புதிதாக ஓடுபவர்கள் எல்லாரும் வேகமாக ஓடித்தான் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து.

சுடிதாரும் ஷூவும் அணிந்த நடுவயதுப் பெண் ஒருத்தி இருட்டில் தனியாக ஓடுவது எங்கள் ஊர்ச் சாலைக்கு அப்போது புதிது. பால் கேன் கட்டிய வண்டிக்காரர் ஒருவர் முதல் வாரம் வண்டியை நிறுத்தி, யாராவது துரத்துகிறார்களா என்று உண்மையான கவலையோடு கேட்டார். தெருநாய்களுக்கு அந்தக் கவலை இல்லை; துரத்துவதற்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சிதான். நாய் வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மெதுவாக நடக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு அவற்றோடு சமாதானம் ஏற்பட்டது. டீக்கடைப் பெஞ்சில் இருப்பவர்களோடு சமாதானம் ஆகக் கூடுதல் நாள் பிடித்தது. போகப் போக அவர்களே, "டீச்சர், இன்னிக்கு லேட்டு" என்று சொல்லும் நிலைக்கு வந்தார்கள்.

உடம்பைப் பழக்குவதற்கு முறைகள் இருக்கின்றன, அவற்றைக் கடைப்பிடித்தால் உடம்பு கேட்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்த சர்க்கரை முப்பது கிலோமீட்டர் அளவில் தீர்ந்துபோகும் என்பதால் ஓடும்போதே கடலை மிட்டாயும் பேரீச்சையும் தின்று பழக வேண்டும். வியர்வையோடு போகும் உப்பை ஈடுகட்ட ஓஆர்எஸ் கரைத்துக் கொண்டுபோக வேண்டும். முந்தின இரவு களி தின்றால் மறுநாள் வயிறு கனக்கும். விடியற்காலையில் ஒரு டம்ளர் ராகிக் கூழ் மட்டும் என்றால் நன்றாக இருக்கும். இவை எல்லாம் வரிசையாக வசப்பட்டன. வசப்படாதது பணம் கேட்பது.

கேட்பது

கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என்று கணக்கிட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதி, தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். முழுத் தூரத்துக்கும் 422 ரூபாய் ஆகிறது, பெரிய தொகை இல்லை. கட்டைவிரல் படங்கள் வந்தன, கைகூப்பிய படங்கள் வந்தன, சிங்கப்பெண் என்ற பட்டம் வந்தது. பணம் வந்தது மிகச் சிலரிடமிருந்துதான். ஒரு மாமா, "பாதியில நின்னுட்டா மீதியத் திருப்பித் தருவியா?" என்று கேட்டார், வேடிக்கைக்குத்தான் கேட்டார், ஆனால் பணத்தைக் கடைசி வரை அனுப்பவில்லை. இரண்டு உறவினர்கள் எனக்கே ஏதோ பணமுடை என்று எண்ணி என் கணவரிடம் விசாரித்தார்கள். நேரில் போய்க் கேட்டால் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் போகக் கால் வரவில்லை. அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியை, பத்திரிகை வைக்கவும் மொய் எழுதவும் மட்டுமே மற்றவர் வீட்டுப் படி ஏறியவள், என்ன சொல்லிக் கை நீட்டுவது? கணக்கு ஆசிரியரின் கேள்வி அங்கேயும் வந்து குறுக்கே நின்றது. அவர் கேட்டதையே இன்னொருவர் வாசலில் வைத்துக் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமைகளில் எங்கள் பக்கம் நெற்றியில் நாமம் இட்டு, மஞ்சள் துணி சுற்றிய சொம்பை ஏந்தி, "கோவிந்தா, கோவிந்தா" என்று வீடு வீடாக வருவார்கள். வருகிறவர்களில் ஏழையும் இருப்பார், இரண்டு கடை வைத்திருப்பவரும் இருப்பார். ஒரு சனிக்கிழமை நான் ஓடி முடித்து, வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அப்படி ஒரு குடும்பம் வந்தது. அம்மா முறத்தில் அரிசி எடுத்து வந்து போட்டார். வந்தவர் நகைக்கடை வீதியில் கடை வைத்திருப்பவர். அவர் கழுத்துச் சங்கிலியே எங்கள் வீட்டு மாத அரிசிச் செலவுக்குப் பல மடங்கு பெறும். அவர்கள் போன பிறகு, இவர்களுக்கு என்ன குறை, நம் வீட்டு அரிசி எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்பது உறைத்தது.

அம்மா முறத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தம்பிக்கு மூன்று வயதில் மஞ்சள்காமாலை முற்றி, பிழைப்பானா என்று இருந்த கதை எனக்குத் தெரியும். அவன் பிழைத்தால் மடிப்பிச்சை எடுத்துத் திருப்பதிக்குச் சேர்ப்பதாக அம்மா வேண்டிக்கொண்டதும், பாலக்கோடு பக்கத்து எங்கள் கிராமத்தில் முந்தானையை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போனதும் தெரியும். அப்போது எங்கள் வீட்டுக் குதிரில் ராகி நிறைந்திருந்தது. ராகியை விற்றுப் பணத்தை நேராக உண்டியலில் போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"போட்டிருக்கலாம்" என்றார் அம்மா. "அப்ப எம் புள்ளைக்காக நான் ஒருத்திதான வேண்டியிருப்பேன்? ஒரு பிடி போட்டவங்க அத்தனை பேரும் 'நல்லாயிருப்பான், போ'ன்னு சொல்லித்தான் போட்டாங்க. வரப்புத் தகராறுல பேச்சுவார்த்தையே இல்லாத உங்க பெரியப்பா வீட்டுக்கும் போனேன். மடியேந்தி வந்தவளை யாரும் வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க. அவ தனக்காகக் கேக்கலைன்னு அவங்களுக்கும் தெரியும்."

நான் எத்தனையோ நாளாகத் தேடியது இதுதான். கணக்கு ஆசிரியர் பணத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் வேலையாகப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி, குறுக்கு வழி இருக்கும்போது நீண்ட வழி வீண். மடிப்பிச்சையில் தொகை முக்கியமே இல்லை. உடையவள் இல்லாதவளாக நிற்கிறாள். தன் வீட்டிலேயே இருப்பதை ஊரிடம் கேட்கிறாள். ஒரு குழந்தையின் உயிர் ஒரு வீட்டின் கவலையாக இருந்ததிலிருந்து ஒரு தெருவின் கவலையாக மாறுகிறது. அப்படிக் கேட்பதற்கு ஒரு வேண்டுதல் வேண்டும், அந்த வேண்டுதலுக்கு உடம்பு ஏதாவது பட்டாக வேண்டும். வெறும் வயிற்றோடும் வெறுங்காலோடும் வெயிலில் வருகிறவளிடம், உனக்கெதற்கு இது என்று யாரும் கேட்பதில்லை. நான் விடியற்காலையில் படும் பாடு அந்தப் பிள்ளைகளுக்கு நேரடியாக ஒரு சொட்டு ரத்தமும் தராது. ஆனால் படி ஏறிக் கேட்கும் உரிமையை எனக்குத் தருகிறது. உடற்கல்வி ஆசிரியை சொன்னது உத்தி இல்லை என்பது அன்று விளங்கியது.

பாப்பாரப்பட்டி

பயிற்சியின் மிக நீண்ட ஓட்டத்துக்குப் பாப்பாரப்பட்டியைத் தேர்ந்தெடுத்தேன். தருமபுரியிலிருந்து போய்த் திரும்பினால் முப்பது கிலோமீட்டரைத் தாண்டும். தூரம் ஒரு காரணம். சுப்பிரமணிய சிவா இன்னொரு காரணம். வத்தலக்குண்டில் பிறந்த அவர், வ.உ.சி.யோடு 1908-இல் சிறைக்குப் போய், அங்கே தொழுநோயை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். நோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறக் கூடாது என்று அரசு தடுத்தது. ரணமான கால்களோடு நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசி, பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்டப் பணம் திரட்டினார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அங்கே அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைப் பார்க்காமலேயே 1925 ஜூலையில் சிவா அங்கேயே இறந்துபோனார். மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் என்ற தூரம் முதன்முதலில் ஓடப்பட்டதும், அவர் சிறைக்குப் போன அதே 1908-இல், லண்டன் ஒலிம்பிக்கில்தான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, இருந்தாலும் புளியமரங்களுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும்போது மனது இப்படியெல்லாம் முடிச்சுப் போடும்.

நினைவிடத்துக்கு வெளியே நின்று, பாட்டிலில் இருந்த உப்புத் தண்ணீரைக் குடித்தபோது எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. சிவாவின் கால் நோயுற்ற கால். 1980-இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் கனடாவின் குறுக்கே ஓடிய டெர்ரி ஃபாக்ஸின் வலது கால் செயற்கைக் கால்; புற்றுநோய்க்குக் காலை இழந்த அவர், ஒவ்வொரு கனடியரும் ஒரு டாலர் தந்தால் போதும் என்று கேட்டு, 143 நாள்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம் ஓடினார், நோய் நுரையீரலுக்குப் பரவிய பின்தான் நின்றார். அவர்களை யாரும், நீ எதற்கு நடக்கிறாய், நீ எதற்கு ஓடுகிறாய் என்று கேட்டிருக்க முடியாது. என்னுடையவை நல்ல கால்கள். ஓடி முடித்தால் எனக்குப் பதக்கம் தருவார்கள், புகைப்படம் எடுப்பார்கள். மடிப்பிச்சை எடுத்த அம்மாவுக்கு யாரும் பதக்கம் தரவில்லை. சேர்ந்த அரிசியை விற்ற காசை உண்டியலில் போட்டதோடு அவருடைய பங்கு முடிந்தது. ஓடுபவரின் மேல் விழும் வெளிச்சம் தொண்டு ஓட்டத்தில் கழிக்க முடியாத ஒரு மீதமாக நிற்கிறது. அதை முழுவதும் நீக்க எனக்கு வழி தெரியவில்லை. செலவு ஒரு ரூபாய்கூடத் திரட்டிய பணத்திலிருந்து எடுக்கக் கூடாது, என் படத்தைப் போட்டுப் பணம் கேட்கக் கூடாது என்ற இரண்டை மட்டும் கடைப்பிடித்தேன்.

குழந்தையின் படத்தையும் போடவில்லை. போட்டால் பணம் கொட்டும் என்று பலர் சொன்னார்கள். என் பழைய மாணவியிடம் பொதுவாகப் பேச்செடுத்தபோதே அவள் முகம் மாறியது. "வேணாம் டீச்சர். நாத்தனாருக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்காங்க. எங்க வீட்டுல இந்த நோய் இருக்குன்னு தெரிஞ்சா அவ கல்யாணம் நின்னுடும்" என்றாள். நோயைக் காட்டிப் பணம் கேட்கலாம், நோயுள்ள வீட்டைக் காட்டிக் கேட்க முடியாது. ஊருக்குத் தெரியக் கூடாது என்று மறைப்பதால்தான் அந்த நாத்தனாரைப் பார்க்க வரும் மாப்பிள்ளையும் சோதிக்கப்படாமல் போகிறான் என்பதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாத்தனாரை மட்டுமாவது சோதித்துப் பார்க்கச் சொன்னேன். பார்க்கிறோம் என்றாள்.

புரட்டாசிக்குப் பிறகு நான் வீடு வீடாகப் போனேன். சொந்தக்காரர்கள், பழைய மாணவர்கள், டீக்கடைப் பெஞ்சுக்காரர்கள், பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் விவசாயிகள் என்று கேட்டேன். பத்து ரூபாயிலிருந்து ஐந்தாயிரம் வரை கிடைத்தது. வரப்புத் தகராறுப் பெரியப்பாவின் மகன் வீட்டுக்கும் போனேன். அந்தத் தகராறு எங்கள் தலைமுறையிலும் தீரவில்லை. அண்ணன் 501 ரூபாய் தந்தார். என்ன நோய் என்று அண்ணி கேட்டார். சொன்னேன். சொந்தத்தில் கட்டினால் வருமா என்று கேட்டார். இருவரும் சுமப்பவர்களாக இருந்தால்தான் வரும், சொந்தத்தில் கட்டும்போது அப்படி அமைய வாய்ப்புக் கூடுதல், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்றேன். அண்ணியும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய மகளை அண்ணியின் தம்பி மகனுக்குத் தை மாதத்தில் கொடுப்பதாக ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். ஃபிளெக்ஸ் போர்டு எதுவும் அந்தத் திண்ணைக்கு வந்திருக்காது.

மாரத்தானைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஜனவரியில், சென்னையில், விடியும் முன் நேப்பியர் பாலத்தருகே கிளம்பினோம். தருமபுரியின் காய்ந்த காற்றில் பழகிய உடம்புக்குக் கடற்கரைப் புழுக்கம் ஒத்துவரவில்லை. ஷூவுக்குள் வியர்வை குளம் கட்டியது. முப்பத்திரண்டாவது கிலோமீட்டருக்குப் பிறகு பெரும்பகுதி நடைதான். கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் தந்தவர்களுக்கு நடந்தாலும் கணக்குச் சேரும் என்பதால் குற்ற உணர்வு ஏதும் இல்லை. ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடித்தேன். கணக்கு ஆசிரியர் அன்று மாலையே அறக்கட்டளைக் கணக்கில் ஐயாயிரம் ரூபாய் போட்டுவிட்டு, "ஓட்டத்துக்காக இல்லை" என்று ஒரு வரி அனுப்பினார். அது அவருடைய கொள்கை, அதிலும் தவறில்லை.

சேர்ந்த தொகை ஒரு லட்சத்தை ஒட்டி வந்தது. கொடுத்தவர்கள் அனைவருக்கும் ரசீதும் செலவுக் கணக்கும் அனுப்பினோம். பெரும்பகுதி பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. ஒரு பகுதியைத் திருமணத்துக்கு முந்தைய பரிசோதனை முகாமுக்கு ஒதுக்கலாமா என்று அறக்கட்டளையில் பேச்சு வந்தபோது, வாராவாரம் வரும் பிள்ளைகளின் செலவைக் குறைத்து அதைச் செய்வதா என்று சிலர் தயங்கினார்கள். நான் முகாம் வேண்டும் என்றேன். மாசியில் ஒரு முகாம் நடத்தினோம். வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்த பெண்கள்; கட்டிக்கொள்ளப்போகும் பையன்கள் ஓரிருவர்கூட எட்டிப்பார்க்கவில்லை. பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணம் அதற்குள் முடிந்துவிட்டது. சோதித்துப் பார்த்தீர்களா என்று அண்ணியிடம் கேட்டதற்கு, "பொண்ணுக்கு மட்டும் பாத்தோம், இல்லைன்னுட்டாங்க" என்றார். ஒருவருக்கு இல்லை என்றால் போதும் என்று சொன்னேன். அடுத்த முகாமை ஆடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஆவணி முகூர்த்தத்துக்கு இடம் பார்த்து முடித்தவர்கள் எல்லாரும் ஊரில்தான் இருப்பார்கள், பதினெட்டுப் பண்டிகைக்கு வெளியூர்ப் பையன்களும் வந்துவிடுவார்கள். பையன் வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்பது என் பொறுப்பு.